பரணில் கிடக்கும் கிட்டாரா, கடையில் தொங்கும் கிட்டாரா?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மன்னார்குடியில் பள்ளி ஆசிரியையாக இருப்பவர், கல்லூரிக் காலத்தில் வாங்கிய கிட்டாரைப் பதினைந்து ஆண்டுகளாகத் தொடவில்லை என்றும், இப்போது மறுபடி வாசிக்க ஆசை வந்திருப்பதால் அதையே சரிசெய்வதா, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதா என்றும் கேட்டார். கும்பகோணத்தில் வங்கிப் பணியில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர், கிட்டாரைக் கையில் எடுத்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் விரல் நுனி எரிகிறது, இதை விற்றுவிட்டு வேறு பார்க்கலாமா என்றார். மூன்றாமவர் நாகப்பட்டினத்தில் ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் இளைஞர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடு பறந்த வீட்டில் நனைந்துபோன கிட்டார் அவருடையது.

மூவருக்கும் தனித்தனியே பதில் சொன்னபோது, கேள்வி ஒன்றாக இருந்தாலும் விடை மூன்றாக இருப்பதை உணர்ந்தேன். அந்த விடைகள் எப்படி வந்தன என்பதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் மாலை நேரங்களில் கிட்டார் கற்றுக்கொடுக்கிறவன். 1998-இல் திருச்சியில் வாங்கிய என் முதல் கிட்டார் பதினோரு ஆண்டுகள் பரணில் கிடந்து, பின் இறங்கி வந்து, இன்று நான் தினமும் வாசிக்கும் கருவியாக இருக்கிறது. ஆகவே பழையதன் பக்கம் என் மனம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். ஆனால் காசைக் கொட்டிச் சீர்செய்யக் கூடாத கிட்டார்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றை அடையாளம் காண்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஒரு கிட்டாரின் மேல் இருந்த ஆசை ஏன் போயிற்று என்று கேட்டால் பெரும்பாலோர் நேரம் இல்லை என்பார்கள். அவர்கள் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால் பல நேரம் வேறு காரணம் தெரியும். கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும், அழுத்தினால் வலிக்கும், வலியைப் பொறுத்து அழுத்தினாலும் ஸ்ருதி விலகிக் கேட்கும். வலிக்கிற, அபஸ்வரம் பேசுகிற கருவியை யாரும் நாள்தோறும் தேடி எடுக்க மாட்டார்கள். எனவே என் முதல் அளவுகோல் கம்பியின் உயரம். கிட்டார் வாசிப்பவர்கள் இதை ஆக்‌ஷன் என்பார்கள்.

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை மெட்டு என்கிறோம். பன்னிரண்டாவது மெட்டின் மேல், தடித்த கம்பிக்கும் மெட்டுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். இரும்புக் கம்பிக் கிட்டாரில் அது ஏறத்தாழ 2.4 மி.மீ. இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. அளவு போதும். அளவுகோல் இல்லையென்றால் இப்போது புழங்கும் சிறிய ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. கனம் உடையது. இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தடித்த கம்பிக்குக் கீழே தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்து இன்னும் இடம் மிச்சம் இருந்தால் உங்கள் விரல் வலிக்குக் காரணம் உங்கள் விரல் இல்லை.

இரண்டாவது, அந்த உயரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்பது. கம்பிகளின் கீழ்முனையை முகப்போடு பிடித்திருக்கும் மரத்துண்டு பிரிட்ஜ். பிரிட்ஜின் மேல் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைச் சேடில் என்கிறோம். பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் நேர் நடுவில் இருப்பதால், அங்கே ஒரு மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மி.மீ. தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு அங்கே உயரம் மிச்சம் இருக்க வேண்டும். நீளமான நேர்கோல் ஒன்றை மெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கோலின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேற்பரப்பை ஒட்டியோ சற்று மேலாகவோ நின்றால் கழுத்தின் கோணம் சரியாக இருக்கிறது. முனை பிரிட்ஜ் மரத்தில் இடித்து அதன் மேற்பரப்புக்குக் கீழே நின்றால், ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது, அல்லது முகப்புப் பலகை மேலே உப்பிவிட்டது என்று பொருள். கழுத்தையே கழற்றி மறுபடி கோணம் பார்த்துப் பொருத்துவது பெரிய வேலை. விலை குறைந்த கிட்டாருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுபடியாகாது. சீர்செய்வதா வேண்டாமா என்ற கேள்வியில் பாதிக்கு இந்த ஒரு சோதனையே விடை சொல்லிவிடும்.

மூன்றாவது, கழுத்தின் வளைவு. ஒரு கம்பியை முதல் மெட்டிலும் பதினான்காவது மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது மெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் திருகு, கால் திருகாக முறுக்கி நிமிர்த்தலாம். பழைய மலிவுக் கிட்டார்கள் சிலவற்றில் இப்படித் திருகும் வசதி கிடையாது என்பதால், தலைப்பகுதியிலோ ஒலித்துளைக்குள்ளோ திருகும் இடம் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, மரத்தின் உடல்நிலை. கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, கம்பிகளைத் தளர்த்தி, ஒலித்துளைக்குள் கைப்பேசியை நுழைத்து வீடியோ எடுங்கள். உள்ளே முகப்பைத் தாங்கும் குச்சிகள் பலகையிலிருந்து விலகியிருந்தால் படத்தில் தெரியும். பிறகு விரல் முட்டியால் பலகையை ஆங்காங்கே தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சலசலவென்று அதிர்ந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. உளு தின்ற பொடி உதிர்கிறதா என்றும் பாருங்கள். டெல்டாவில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

ஐந்தாவது, நம் ஊர் வானிலை. கிட்டார் மரத்துக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு என்பது செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளுக்குள் அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஈரத்தில் மரம் ஊதும், முகப்பு உப்பும், கம்பி மேலே ஏறும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் அதே மரம் சுருங்கும், ஒட்டுகள் இளகும். எந்தக் கிட்டாரைத் தேர்ந்தாலும் இந்த இரண்டு பருவங்களையும் அது தாங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எதற்காக வாசிக்கப் போகிறீர்கள் என்பது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசிப்பவருக்கும், வாரந்தோறும் ஒலிபெருக்கியோடு கூட்டத்துக்கு நடுவில் வாசிப்பவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது.

## வழி ஒன்று: கையில் இருப்பதைச் சீர்செய்து வாசிப்பது

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தைக் குடைந்து செய்யும் அந்த வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. மெழுகு பழசானால் மெட்டுகள் நகரும், ஸ்வரஸ்தானம் விலகும். வீணை இருக்கும் வீட்டார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆசாரியிடம் கொடுத்து மெழுகை மாற்றி, மெட்டுகளை மறுபடி நிறுத்தி வாங்கிக்கொள்வார்கள். மெழுகு பழசாகிவிட்டது, வேறு வீணை வாங்குவோம் என்று யாரும் சொல்வதில்லை. அதே வீட்டில் பேரன் வாங்கிய கிட்டார் மட்டும், கம்பி துருப்பிடித்த நாளிலிருந்து வீணாய்ப்போன பொருளாகிவிடுகிறது. கிட்டாரும் அவ்வப்போது ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டிய கருவி என்பதை விற்பவர்கள் நமக்குச் சொல்வதில்லை. வாங்குகிற நாமும் கேட்பதில்லை.

என் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உறையின் ஜிப் துருவில் இறுகிப்போயிருந்தது. திறந்ததும் பூஞ்சணவாடை. கம்பிகள் காபிப்பொடி நிறத்தில் இருந்தன. ஒலித்துளைக்குள் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். துணியால் துடைத்தபோது முதல் மெட்டில், இரண்டாவது கம்பிக்கு நேர் கீழே சிறு பள்ளம் ஒன்று விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. சி கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் விழும் இடம் அது. பத்தொன்பது வயதில் அந்த ஒரு கார்டை நான் எத்தனை ஆயிரம் முறை பிடித்திருந்தால் வெள்ளி நிற உலோகத்தில் அந்தப் பள்ளம் விழுந்திருக்கும் என்று எண்ணியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழைய பேப்பர்காரரிடம் போடத்தான் அதை இறக்கியிருந்தேன்.

போடாமல் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். கிட்டார் அவருக்குப் பழக்கமான கருவி இல்லை. ஆனால் கம்பி, அதைத் தாங்கும் குதிரை, மெட்டு என்ற மூன்றின் உறவு அவருக்குக் கைவந்தது. நான் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டுபோன தாளை அவர் பார்க்கவே இல்லை. கிட்டாரைக் கண் உயரத்துக்குத் தூக்கி, தலைப்பகுதியிலிருந்து பிரிட்ஜ் வரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கழுத்து நல்லா இருக்கு தம்பி, குதிரைதான் ஒசரம்" என்றார். சேடிலுக்காக நான் வாங்கிக் கொடுத்த எலும்புத் துண்டை அரத்தில் தேய்த்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்து, ஏழெட்டு முறைக்குப் பின் கம்பியைத் தட்டிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். கம்பி, எலும்பு, கூலி, பேருந்து எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரம் ரூபாய் முழுதாக ஆகவில்லை. அன்று இரவு எஃப் கார்டு முதல் முறையாக வலிக்காமல் விழுந்தது.

இந்த வழியின் வெளிப்படைச் செலவு குறைவு. மறைசெலவுகளைச் சொல்லாமல் விடுவது தவறு. டெல்டாவில் கிட்டார் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரிய வேலையென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ தூக்கிப் போக நேரும். ஒரு நாள் விடுப்பையும் போக்குவரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தச்சரிடம் கொடுத்து பிரிட்ஜை வெள்ளைப் பசை போட்டு ஒட்டுவது இங்கே வழக்கம். நாற்காலிக்கு அது சரி. கம்பியின் இடைவிடாத இழுவையில் அந்தப் பசை மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும். ஓராண்டில் பிரிட்ஜ் மறுபடி வாயைத் திறக்கும். மெட்டுப் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். பிசுக்கும் தூசியும் சேர்ந்து அடையாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கும்பகோணத்து வங்கி ஊழியரின் கிட்டாரைப் பார்த்ததுமே எனக்கு மனம் பதறியது. அது கிளாசிக்கல் கிட்டார், நைலான் கம்பிக்காகவே செய்யப்பட்டது. கம்பி அறுந்தபோது ஏதோ ஒரு கடையில் அதற்கு இரும்புக் கம்பி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு இழுக்கும். இரும்புக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல். அந்த முகப்புப் பலகை இத்தனை ஆண்டு கிழியாமல் இருந்ததே அதிசயம். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்வது எளிது. தலைப்பகுதியில் நீள்துளைகள் இருந்து, பிரிட்ஜில் கம்பியைச் சுற்றி முடிச்சிட்டிருந்து, கழுத்தின் மேல்முனை அகலம் 52 மி.மீ. அளவில் இருந்தால் அது நைலானுக்கானது. பிரிட்ஜில் ஆறு ஆணிகள் செருகியிருந்து அகலம் 43 மி.மீ. அளவில் இருந்தால் அது இரும்புக்கானது. மாற்றி மாட்டியிருந்தால் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கம்பியைத் தளர்த்திவிடுங்கள்.

சீர்செய்த பின்னும் மனம் ஒட்டவில்லையென்றால் ஸ்ருதியை மாற்றிப் பாருங்கள் என்று சொல்வேன். ஆறு கம்பிகளையும் இரண்டு ஸ்வரஸ்தானம், அதாவது இரண்டு மெட்டு அளவு, இறக்கினால் இழுவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. விரல் பழகும்வரை அப்படியே வைத்துக்கொண்டு, பாடலோடு சேர்க்க வேண்டியபோது இரண்டாவது மெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) போட்டுக்கொள்ளலாம். இன்னொரு முறை எனக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற வரிசையில் இரு ஓரத்து ஈ கம்பிகளையும் டி-க்கு இறக்கி, பி-யை ஏ-க்கு இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி ஆகிறது. 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரவலாக்கிய ஸ்ருதி இது. இரண்டு கட்டையை, அதாவது டி-யை, ஷட்ஜமாக வைத்து நம் காதால் கேட்டால் திறந்த கம்பிகள் அப்படியே ச, ப, ச, ம, ப, ச. விரல் எதுவும் வைக்காமல் மெல்ல வருடினால் தம்புரா மீட்டியதுபோல் அறை நிறையும். கரகரப்ரியாவோ ஹரிகாம்போதியோ மெல்லிய முதல் கம்பியில் ஒற்றை விரலால் தேடிப் பார்க்கலாம். கல்யாணி என்றால் அதன் மத்யமம் வேறு என்பதால், ம ஒலிக்கும் மூன்றாவது கம்பியை மட்டும் தொடாமல் விட வேண்டும். இது கிட்டாருக்குச் செய்யும் துரோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. திருவாரூர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்த வயலினையும் நாம் ச, ப, ச, ப என்று ஸ்ருதி மாற்றித்தான் வாசிக்கிறோம். நான் கற்றுக்கொடுத்தவர்களில் கிட்டாரை விட்டுவிட்டுத் திரும்பி வந்த சிலர், பழைய கார்டுகளின் வழியாகத் திரும்பவில்லை. இந்தத் திறந்த கம்பிகளின் ஒலி வழியாகத்தான் திரும்பினார்கள்.

கழுத்துக் கோணம் சரியாக இருந்து, மரம் உளுக்காமல் இருந்து, வீட்டில் வாசிக்கத்தான் என்றால் இந்த வழியே மேல்.

## வழி இரண்டு: புதிதாக வாங்குவது

தொடக்கநிலைக் கிட்டார்கள் இன்று பெரும்பாலும் எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கணினி வழி வெட்டும் இயந்திரங்கள் வந்தபிறகு இந்த விலையிலும் மெட்டுகள் சீராகப் பதிக்கப்படுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யமஹா போன்ற நிறுவனம் சென்னைக்கு அருகிலேயே 2019 முதல் ஆலை நடத்துகிறது. நான் முதல் கிட்டார் வாங்கிய காலத்தில் கடையில் இருந்த நான்கைந்தில் எது குறைவாகக் கோணியிருக்கிறது என்று பார்த்து எடுப்போம். அந்த நிலை இன்று இல்லை.

இந்த விலையில் வருபவை பெரும்பாலும் ஒட்டுப்பலகை முகப்பு உடையவை. ஒற்றைப் பலகை முகப்பு வேண்டுமென்றால் இருபதாயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ போக வேண்டும். ஒலித்துளையின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒற்றைப் பலகையின் ஒலி விரிவானது, ஆண்டுகள் போகப் போகத் திறந்துகொடுப்பது. ஆனால் அதுவே ஈரத்துக்கும் வெயிலுக்கும் முதலில் வளைந்துகொடுப்பதும்கூட. வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில், ஒட்டுப்பலகைதான் நிம்மதி என்பது என் கருத்து. விலை கூடியதே நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் உங்கள் வீட்டுச் சுவர் கார்த்திகையில் வியர்க்குமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

மறைசெலவுகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். புதுக் கிட்டாரும் பெரும்பாலும் உயர்ந்த ஆக்‌ஷனோடுதான் ஆலையிலிருந்து வரும். கம்பி பட்டு அதிரக் கூடாது என்பதற்காகச் சேடிலைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருப்பார்கள். அதாவது பழைய கிட்டாருக்குச் செய்ய வேண்டிய அதே ஒழுங்குபடுத்தலைப் புதியதற்கும் காசு கொடுத்துச் செய்ய வேண்டும். நல்ல பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகியவை தனி. பழைய கிட்டார்கள் பலவற்றில் மெட்டுப் பலகை ஈட்டி மரத்தால் ஆனது. 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை ஈட்டி இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது பல நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் அந்த மாற்றம் பல இடங்களில் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் பழைய கிட்டாரின் பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கருஞ்சாயம் ஏறாவிட்டால், அதே விலைக்கு இன்று எளிதில் கிடைக்காத மரமாக அது இருக்கக்கூடும்.

ஒலிபெருக்கியோடு வாசிப்பவர்களுக்கு இந்த வழி நல்லது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் கருவி) பொருத்திய செமி அகௌஸ்டிக் கிட்டார் நேராக ஒலி மிக்ஸரில் செருகப்படும். மைக்கின் முன் அசையாமல் உட்கார வேண்டியதில்லை. பழைய கிட்டாரின் உடல் பெரிதாக இருந்து தோள் வலிப்பவர்களும், இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும், குழந்தைக்கு முக்கால் அளவுக் கருவி தேடுபவர்களும் தயங்காமல் புதியதை வாங்கலாம். இவர்களுக்குப் பழையதைச் சீர்செய்வதால் எந்தப் பயனும் இல்லை.

## வழி மூன்று: விற்றுவிட்டு செகண்ட் ஹேண்டில் மாற்றிக்கொள்வது

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெயர் தெரியாத பழைய கிட்டாருக்குக் கைக்கு வரும் தொகை பெரும்பாலும் ஒரு நல்ல பெட்டி வாங்கக்கூடப் போதாது. கம்பி துருப்பிடித்த நிலையில் விற்றால் இன்னும் குறையும். சரிசெய்து விற்கலாம் என்று செலவழித்தால், சரியான பின் விற்க மனம் வராது. இது என் மாணவர்கள் இருவருக்கு நடந்தது.

வாங்கும் பக்கம் கொஞ்சம் கவனம் தேவை. படத்தைப் பார்த்து வாங்கினால் கழுத்துக் கோணம் தெரியாது. விற்பவரிடம் நேர்கோல் சோதனையை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். பேருந்துப் பார்சலில் வருவதாக இருந்தால் கம்பிகளைத் தளர்த்தி, தலைப்பகுதியைச் சுற்றித் துணி திணித்துக் கட்டச் சொல்லுங்கள். கிட்டார் விழுந்தால் முதலில் உடைவது தலை சேரும் இடம்தான்.

பழைய மரம் என்றாலே உயர்வு என்ற எண்ணத்தோடும் இறங்க வேண்டாம். ஆடுதுறைக்கு அருகில் நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள். பல பத்தாண்டு காய்ந்த முழு மரம் என்பதால் அதற்கு அந்த மதிப்பு. ஒட்டுப்பலகைக் கிட்டார் முப்பது ஆண்டு காய்ந்தாலும் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் பசையும் சேர்ந்துதான் காய்ந்திருக்கும்.

விற்பதைவிடக் கொடுப்பது சில நேரம் நல்ல முடிவு. உங்களுக்கு வாசிக்கும் எண்ணமே இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால், கற்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குக் கம்பி மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கம்பி மாற்றாமல் கொடுத்தால் உங்களுக்கு நேர்ந்த வலி அந்தப் பிள்ளைக்கும் நேரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சீர்செய்வது | புதியது | செகண்ட் ஹேண்ட் |
|---|---|---|---|
| கைச்செலவு | கம்பி, சேடில், கூலி. எனக்கு 2,000 ரூபாய்க்குள் | 8,000 முதல் 20,000 ரூபாய்க்கு மேலும் | பேரத்தைப் பொறுத்தது |
| மறைசெலவு | ஆள் தேடும் அலைச்சல், தவறான பசை | ஒழுங்குபடுத்தல், பெட்டி, ஈரம் காக்கும் பொருள்கள் | தெரியாத பழுது, பார்சல் சேதம் |
| மழைக்கால ஈரம் | இதுவரை தாங்கியதா என்று உங்களுக்கே தெரியும் | ஒட்டுப்பலகை தாங்கும், ஒற்றைப் பலகைக்குக் காவல் தேவை | முன்னர் எங்கிருந்தது என்று கேட்க வேண்டும் |
| யாருக்கு | வீட்டில் வாசிப்பவர், கழுத்துக் கோணம் சரியாக உள்ளவர் | மேடை, தேவாலயம், அளவு பொருந்தாதவர் | நேரில் பார்த்து வாங்க முடிந்தவர் |
| தவிர்க்க வேண்டியவர் | கழுத்து சாய்ந்த மலிவுக் கிட்டார் உள்ளவர் | பழையதன் வலிக்குக் காரணம் பார்க்காதவர் | முதன்முறை வாங்குபவர் |

அட்டவணையின் மூன்றாம் வரிசையை மட்டும் இன்னொரு முறை படித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பழைய கிட்டார் பல ஐப்பசிகளையும் பல சித்திரைகளையும் ஏற்கெனவே கடந்திருக்கிறது. இனி விரிசல் விட வேண்டிய இடமாக இருந்தால் பெரும்பாலும் இதற்குள் விட்டிருக்கும். அந்த உறுதியைப் புதிய கிட்டாரால் இரண்டு மழைக்காலம் கடக்கும்வரை உங்களுக்குக் கொடுக்க முடியாது.

## மூவருக்கும் சொன்னது

நாகப்பட்டினத்து இளைஞருக்குப் புதியது வாங்கச் சொன்னேன். புயலில் நனைந்த கிட்டாரின் உள்ளே மூன்று குச்சிகள் விலகியிருந்தன, நேர்கோலும் பிரிட்ஜில் இடித்துக் கீழே நின்றது. வாரந்தோறும் ஒலிபெருக்கியில் வாசிப்பவர் அவர். ஒட்டுப்பலகை, பிக்கப், கடல்காற்றுக்கு ஈடுகொடுக்கப் பூச்சுள்ள கம்பி என்று மூன்று சொற்களை எழுதிக் கொடுத்தேன். பழையதை எறிய வேண்டாம், கம்பியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவையுங்கள் என்றேன். அது அவர் தந்தை வாங்கிக் கொடுத்தது.

வங்கி ஊழியரின் கிட்டாரிலிருந்து இரும்புக் கம்பிகளை என் வீட்டுத் திண்ணையிலேயே கழற்றினேன். ஒரு வாரம் கம்பியில்லாமல் படுத்திருந்த பிறகு முகப்பு உப்பியிருந்தது பெரிதும் தணிந்தது. நைலான் கம்பி மாட்டி மூன்று நாள் ஸ்ருதி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. நைலானின் இயல்பு அது. நான்காம் நாள் நின்றது. இருபது ஆண்டு தெரிந்த ஒரு பாட்டை முதன்முறையாக முழுதாக வாசித்ததாக அவர் தொலைபேசியில் சொன்னார். விற்பதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மன்னார்குடி ஆசிரியையின் கிட்டார்தான் இன்னும் முடிவாகவில்லை. நேர்கோலின் முனை பிரிட்ஜ் மரத்துக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. கீழே நிற்கிறது. ஆனால் நாங்கள் அளந்தது கார்த்திகை அடைமழையின் நடுவில், முகப்பு ஈரத்தில் ஊதியிருக்கும் பருவத்தில். புதிய மெல்லிய கம்பி மாட்டி, இரண்டு ஸ்வரஸ்தானம் இறக்கி, பரணுக்கு அனுப்பாமல் வெயில் நேரே படாத உள்சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். தினமும் கால்மணி நேரம் வாசிப்பதாகச் சொல்கிறார். மாசியில் பனி விலகி ஈரம் குறைந்ததும் அதே நேர்கோலை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போய் மறுபடி அளக்கப் போகிறேன்.